பியர் காய்ச்சும்போது பொருளின் அளவு தவறினால் என்ன செய்வது?

ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) பொட்டலம் மாறிவிட்டது. மால்ட் பொடி (முளைகட்டிய பார்லியின் உலர்ந்த சாறு) குறைந்துவிட்டது. சர்க்கரையை இரண்டு முறை போட்டாயிற்று. வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்கு என்றாவது ஒருநாள் இதில் ஒன்று நடந்தே தீரும். பெரும்பாலான தவறுகள் பியரைக் கெடுப்பதில்லை. பதறிப்போய் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போடுவதுதான் கெடுக்கிறது. எனவே அடுப்பைக் குறைத்துவிட்டு, முதலில் மிச்சமிருப்பதை எடைபோடுங்கள். 500 கிராம் பொட்டலத்தில் 130 கிராம் மீதி இருந்தால் உள்ளே போனது 370 கிராம். இந்த விஷயத்தில் ஞாபகத்தை நம்பக் கூடாது, தராசைத்தான் நம்ப வேண்டும். காலி உறைகளையும் வேலை முடியும்வரை குப்பையில் போடாதீர்கள். ஹாப்ஸில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் விகிதம், ஈஸ்டின் காலாவதித் தேதி எல்லாம் அவற்றில்தான் அச்சிட்டிருக்கும்.

கீழே உள்ள கணக்குகள் 20 லிட்டருக்குப் போட்டவை.

மால்ட் கூடினால், குறைந்தால்

வோர்ட்டின் (ஈஸ்ட் போடுமுன் உள்ள இனிப்பு மால்ட் நீர்) அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டினால் அதை 50 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். புள்ளியை லிட்டரால் பெருக்கினால் வரும் எண், தண்ணீர் விட்டாலும் வற்றவிட்டாலும் மாறாது. உள்ளே இருக்கும் சர்க்கரை அதேதானே!

50 வர வேண்டிய இடத்தில் 40 வந்திருக்கிறது என்றால் இருப்பது 40 × 20 = 800. தேவை 1000. குறைவது 200. உலர்ந்த மால்ட் சாற்றுப் பொடி ஒரு கிலோவுக்குச் சுமார் 365 கொடுக்கும். ஆகவே ஏறக்குறைய 550 கிராம் சேர்த்தால் சரியாகிவிடும். பொடியைக் கொட்டும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடியில் படிந்து கருகும், நுரை பொங்கி வழியும். கரைந்த பிறகு பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கையில் பொடி இல்லையா? 800-ஐ 50-ஆல் வகுத்தால் 16. அதாவது 16 லிட்டராக வற்றவிடலாம். நிறமும் கசப்பும் சற்று ஏறும். முழுக் குறையையும் வெறும் சர்க்கரையால் அடைக்காதீர்கள். சாராயச் சத்து வந்துவிடும், ஆனால் பியர் நீர்த்துப்போய் வாயில் நிற்காது.

அடர்த்தி கூடிவிட்டால் வேலை சுலபம். 60 × 20 = 1200; 50-ஆல் வகுத்தால் 24. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 4 லிட்டர் சேர்த்தால் போதும். கசப்பும் ஆறில் ஒரு பங்கு குறையும் என்பதை மறக்க வேண்டாம். நொதிகலனில் நுரைக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தத் திருத்தங்களுக்கு முன்னால், மீட்டர் சொன்னது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். 20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டர், 40 டிகிரி வோர்ட்டில் ஆறேழு புள்ளி குறைத்துக் காட்டும். மால்ட் சாற்றைக் கரைத்து மேலே தண்ணீர் ஊற்றி நிரப்புபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கெட்டியான வோர்ட் அடியில் தங்கிவிடுவதால், மேலிருந்து எடுத்த மாதிரி குறைவாகவும் அடிக் குழாயில் பிடித்த மாதிரி கூடுதலாகவும் காட்டும். சாற்றின் எடையும் மொத்த லிட்டரும் சரியென்றால் அடர்த்தி தவறாக இருக்க வழியே இல்லை. நன்றாகக் கலக்கி மறுபடி அளந்து பாருங்கள், எதையும் சேர்க்காதீர்கள்.

ஹாப்ஸ்

கசப்புக்கான கணக்கு: கிராம் × ஆல்ஃபா விகிதம். 5 சதவீத ஹாப்ஸ் 28 கிராம் என்றால் 140. அதற்குப் பதில் 12 சதவீதப் பொட்டலம் இருந்தால் 12 கிராம் போதும். தெரியாமல் 28 கிராமையும் போட்டுவிட்டால் கசப்பு இரண்டரை மடங்கை நெருங்கும்.

ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டிப் போடும் வழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். ஒரு மணி நேரத்தில் இறங்கும் கசப்பில், முதல் 10 நிமிடத்தில் இறங்குவது சுமார் 36 சதவீதம். 2.4 மடங்கு ஹாப்ஸ் 10 நிமிடம் கிடந்தால் தேவையான கசப்பில் 87 சதவீதம் வந்துவிட்டது என்று பொருள். கரைந்துபோன ஆல்ஃபா அமிலம் பையை எடுத்த பிறகும் கொதியில் கசப்பாக மாறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே தவறு தெரிந்த நொடியே பையைத் தூக்கிவிடுங்கள். முழுதும் இறங்கிவிட்ட கசப்பைப் பிரித்தெடுக்க வழியில்லை. தண்ணீராலோ, கசப்பு குறைந்த இன்னொரு தொகுதியோடு கலந்தோதான் தணிக்கலாம்.

60 நிமிடம் கொதிக்க வேண்டிய ஹாப்ஸைப் போட மறந்தால், இன்னும் 30 நிமிடம் மீதி இருக்கும்போது 1.3 மடங்கும், 15 நிமிடம் இருக்கும்போது 2 மடங்கும் போடுங்கள். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆறவைத்த பிறகுதான் நினைவு வந்தது, ஈஸ்ட் இன்னும் போடவில்லை என்றால் எல்லாவற்றையும் பாத்திரத்தில் ஊற்றி மறுபடி கொதிக்க வைப்பதே நல்லது. ஈஸ்ட் போட்டாயிற்றென்றால், 3 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் மால்ட் பொடி கரைத்து, அதில் ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாம். ஒரு லிட்டரில் கரையும் கசப்புக்கு ஏறத்தாழ 100 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) என்ற எல்லை உண்டு. அதனால் எவ்வளவு ஹாப்ஸ் போட்டாலும் மொத்த பியருக்கு 13 ஐபியு அளவுக்கே ஏறும்.

ஒரே மாதிரி இருக்கும் வெள்ளைப் பொடிகள்

டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், லாக்டோஸ் (பால் சர்க்கரை) மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். நாக்கில் வைத்தால் தெரியும்: டெக்ஸ்ட்ரோஸ் நன்றாக இனிக்கும், லாக்டோஸ் லேசாக இனிக்கும், மால்டோடெக்ஸ்ட்ரினில் இனிப்பே இருக்காது. டெக்ஸ்ட்ரோஸ் என்று நினைத்து 500 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் போட்டால், ஈஸ்ட் அதை நொதிக்காததால் இறுதி அடர்த்தி சுமார் 8 புள்ளி மேலேயே நின்றுவிடும். குளுக்கோஅமைலேஸ் நொதி அதை உடைத்துக் கொடுக்கும். ஆனால் மால்ட்டின் டெக்ஸ்ட்ரினையும் சேர்த்தே உடைப்பதால் பியர் வறண்ட சுவைக்குப் போகும். கொஞ்சம் கனமான பியராகவே குடிப்பது மேல். லாக்டோஸை பியர் ஈஸ்ட் தொடாது. அது போயிருந்தால் குடிப்பவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். பால் ஒவ்வாதவர்களுக்கு அது விளையாட்டல்ல.

ஈஸ்ட், குளோரின்

சூடு ஆறுமுன் ஈஸ்ட் போட்டு அது செத்துவிட்டால், வோர்ட் 20 டிகிரிக்கு வந்ததும் புதிதாக 11 கிராம் உலர் ஈஸ்ட் போடுங்கள், அவ்வளவுதான். குளோரின் நீக்காத தண்ணீர் அப்படியல்ல. மருந்து நெடி ஒருமுறை வந்துவிட்டால் போகாது. காய்ச்சுவதற்கு முன்பே 20 லிட்டருக்குக் குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் கால் பங்கு கரைத்திருக்க வேண்டும். பியரைத் தெளியவைக்கும் ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியை மறந்ததற்கெல்லாம் கவலையே வேண்டாம். பியர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும்.

பாட்டில் சர்க்கரை

பாட்டில் வெடித்துக் காயப்படும் ஆபத்து இங்கேதான். 20 டிகிரியில் நொதித்து முடிந்த 20 லிட்டர் பியருக்கு 120 கிராம் சர்க்கரை போதும். அது இரட்டித்தால் கரியமில வாயு 2.4 பங்கிலிருந்து (ஒரு லிட்டர் பியரில் 2.4 லிட்டர் வாயு) 4 பங்குக்கு ஏறும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் தாங்காது.

பாட்டிலில் அடைக்கும் முன் தெரிந்தால் அடைக்காதீர்கள். காற்றடைப்பான் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) போட்டு, சர்க்கரை முழுதும் நொதித்து அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நிற்கும்வரை விட்டுவிட்டு, புதிதாக 120 கிராம் அளந்து போடுங்கள்.

அடைத்த பின் தெரிந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பாட்டில்களை அசைக்காமல் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஒரு நாள் நன்றாகக் குளிர்ந்தபின், பாட்டில்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, மூடியின் ஓரத்தை மட்டும் மெல்ல நெம்புங்கள். சீறல் அடங்கியதும் புது மூடி போட்டு மறுபடி குளிரில் வையுங்கள். மறுநாள் ஒன்றைத் திறந்து பார்த்து, இன்னும் நுரை பீறிட்டால் எல்லாவற்றையும் இன்னொரு முறை வெளிவிடுங்கள். குடித்து முடிக்கும்வரை அவை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வரக் கூடாது.