வன்னியிலிருந்து இலண்டன் வரும் பெற்றோருக்கு: புளோரைட்டும் பிள்ளைகளின் பற்களும்

ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியரிடம் பதிவதையும் பாடசாலை அனுமதியையும் உறவினர்களே முடித்துத் தருவார்கள். என்.எச்.எஸ். என்னும் அரச சுகாதார சேவையின் பல் வைத்தியம் 18 வயதுக்குட்பட்டோருக்கு இலவசமெனினும், புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பல் வைத்தியசாலை கிடைப்பது அரிதாகையால், வந்த கிழமையே தேடத் தொடங்குங்கள். நம்மவர்கள் ஏமாறுவது பற்பசை வாங்கும் இடத்தில்தான்.

வவுனியாவில் குழாய்க்கிணற்று நீர் குடித்து வளர்ந்த மூத்த மகனின் முன்பற்களில் மண்ணிறக் கறை படிந்ததைக் கண்டிருந்த என் நண்பர், அது தண்ணீரிலுள்ள புளோரைட்டால் வந்ததென்று பயந்து, இங்கு வந்ததும் இளையவளுக்கெனப் புளோரைட் இல்லாத மூலிகைப் பற்பசையைத் தேடிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். இரவில் சீனி கலந்த பால்போத்தலும் தொடர்ந்தது. பாடசாலைக்குப் போகத் தொடங்கிய வயதில் அவளுடைய பாற்பற்கள் பல சூத்தையாகி, மயக்கமருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. புளோரைட் நஞ்சென்று வட்சப்பில் காணொளி அனுப்பிய உறவினர் எவரும் அன்று மருத்துவமனைக்கு வரவில்லை.

ஊரைப் பொறுத்தவரை அவருடைய அச்சம் நியாயமானதே. உலர் வலயத்தின் பாறைகளிலிருந்து புளோரைட் நிலத்தடி நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு விதித்திருக்க, நம் பக்கத்துக் கிணறுகள் சில அதையும் தாண்டுகின்றன. கொதிக்கவைப்பதால் அது நீங்காது. பல்லின் வெளிப்படையான மிளிரி (எனாமல்) உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுவரை, அளவுக்கு மீறி உடலுக்குள் போனால்தான் கறை உண்டாகும். இலண்டன் குழாய்நீரில் புளோரைட் சேர்க்கப்படுவதில்லை. 1964 முதல் சேர்த்துவரும் பர்மிங்காமிலும் இலக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான். பற்பசையிலுள்ள புளோரைட்டோ பல்லின் மேற்பரப்பிலேயே நின்று சூத்தையைத் தடுப்பது; பிள்ளை அதை வழமையாக விழுங்கினால் மட்டுமே கறைக்கு இடமுண்டு.

ஆகவே அளவைக் கவனியுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குறைந்தது 1000 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 1000 பங்கு) புளோரைட் கொண்ட பசையைப் பிரஷில் மெல்லிய பூச்சாகவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணியளவாகவும் வைத்து, நீங்களே துலக்கிவிடுங்கள். நுரையைத் துப்பினால் போதும். ஒரு செம்பு நிறையத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லும் அம்மம்மாவுக்கு இதை விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய புளோரைட்டும் கழுவுண்டு போய்விடும். மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு இருமுறை பல் வைத்தியர் பூசும் புளோரைட் வார்னிஷை மறுக்காதீர்கள்.

கறையோடு வந்த பிள்ளையென்றால், முதற்சந்திப்பிலேயே ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், பல் துலக்காத குறையென்று நினைத்துப் பிள்ளையின் முன்னிலையிலேயே உங்களுக்குப் புத்தி சொல்வார்கள்.