ஸ்கூட்டி உதறினால் முதலில் இடப்பக்க மூடியைக் கழற்றுங்கள்

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கை கிரவல், அதைத் தாண்டினால் பரந்தன் வரை ஏ-35 வீதி, பிறகு ஏ-9இல் கிளிநொச்சி, இதுதான் என் வேலைப் பாதை. கோடையில் ஸ்கூட்டி வெளிக்கிடும்போதெல்லாம் உடம்பே குலுங்குகிற மாதிரி உதறியது, வேகம் எடுத்ததும் உதறல் நின்றுவிடும். கராஜில் எஞ்சினைப் பிரிக்க வேணும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் எஞ்சின் கோளாறு என்றால் வேகத்திலும் தெரிய வேணும்.

இடப்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே செம்புழுதியும் கிளட்சின் கறுப்புத் தூளும் அப்பிக் கிடந்தது. வெளிக்கிடும்போது விரிந்து கிளட்ச் கிண்ணத்தைப் பிடித்துப் பின்சில்லைச் சுற்றவைக்கிற கிளட்ச் கட்டைகள் கண்ணாடி போல மினுங்கின, அதுதான் உதறலுக்குக் காரணம், பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது. காற்றடிக்காதீர்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடைத்தேன். கட்டைகளின் மினுக்கம் போகுமட்டும் 120ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்து, கிளட்ச் கிண்ணத்தின் உட்புறத்தையும் அப்படியே தேய்த்துத் துடைத்தேன். கிரீஸ், எண்ணெய் எதுவும் அங்கே படவே கூடாது. சரி, எஞ்சின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகிற பெல்டையும் வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. முன் கப்பிக்குள் உருண்டு வேகத்துக்கேற்ப பெல்டை நகர்த்துகிற ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன, முழு செட்டையும் மாற்றினேன். இப்போது உதறல் இல்லை.