கைப்பிடி சுரீர் என்கிறதா? சாவியால் தொடுங்கள்
வறண்ட நாளில் கம்பளத்தின் மீது நடந்துவிட்டு உலோகக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? உடலில் சேர்ந்த நிலைமின்னூட்டத்தின், அதாவது ஓடாமல் தேங்கி நிற்கும் மின்சாரத்தின், வேலை அது. விரல் நெருங்க நெருங்க இடைவெளியில் மின்புலம், அதாவது மின்னூட்டம் தன்னைச் சுற்றிச் செலுத்தும் விசை, வலுக்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டை எட்டியதும் காற்றே மின்கடத்தியாகிப் பொறி பாயும். ஒரு மில்லிமீட்டர் பொறிக்குச் சுமார் 3,000 வோல்ட்! பயம் வேண்டாம், பாயும் மின்னூட்டம் மிகச் சொற்பம். சாவியை இறுகப் பிடித்து அதன் நுனியால் முதலில் தொடுங்கள். பொறி சாவியில் இறங்கும். விரலுக்கு வலி தெரியாது.

கணினியின் நினைவகச் சில்லுதான் பாவம். நமக்கு உறைக்கவே உறைக்காத சில நூறு வோல்ட் கூட அதைக் கெடுத்துவிடலாம். கையிலெடுக்கும் முன் கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்.