அடுக்களையைப் புதுப்பிக்கும் வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்க
பழைய அடுக்களையை உடைக்க ஆள் வருவதற்கு முந்தைய நாளே வேறோர் அறையில் தற்காலிக அடுக்களையைப் போட்டுவிடுங்கள். மேசை, இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ஆளுக்கொரு தட்டு, டம்ளர் போதும், மற்றதெல்லாம் பெட்டிக்குள். அடுப்பையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 3,000 வாட்டைத் தாண்டக்கூடும், வயர் சூடாகிவிடும். சன்னல் அடைத்த அறைக்குள் கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

பெரிய தொல்லை தூசிதான். டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. வெளியில் வைத்து, தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள் (முணுமுணுப்பார்கள், பரவாயில்லை). அடுக்களை வாசலுக்கு பிளாஸ்டிக் ஷீட், மற்ற அறைகளின் கதவிடுக்கில் ஈரத்துணி. பெருக்கினால் தூசி மறுபடி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். பாத்திரம் கழுவ குளியலறைதான் கதி. மிச்சம் மீதியை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் குழாய் அடைக்காது.