ஒரே கேள்விக்கு இன்னொரு முறை பணம் போகாமல் தடுக்க: மருத்துவ ஆய்வு நிதியாளர்கள் கூடிச் செய்ய வேண்டியவை

இதய அறுவைச் சிகிச்சையின்போது அப்ரோடினின் என்ற மருந்தைக் கொடுத்தால், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறையுமா? 1987 முதல் 2002 வரை 64 சோதனைகள் இதை ஆராய்ந்தன. முடிவுகளை வந்த வரிசையில் கூட்டிப் பார்த்தால், 1992-இல் 12-ஆவது சோதனையிலேயே விடை உறுதியாகிவிட்டது: குறையும். ஆனாலும் அதற்குப் பிறகு 52 சோதனைகள் நடந்தன. உயிரிழப்பு கூடுமா என்ற பெரிய கேள்வியோ காத்துக்கிடந்தது. கனடாவில் 2,331 நோயாளிகளிடம் மாற்று மருந்துகளோடு ஒப்பிட்டு நடந்த சோதனையில் அப்ரோடினின் பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. 2007-இல் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் இந்தச் சோதனைகளுக்கு நிதி கேட்ட விண்ணப்பங்களில் பலவும் நியாயமாகவே தோன்றியிருக்கும். மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆகவே நிதியாளர்கள் கூடும்போது கொள்கை அறிக்கை எழுதுவதில் தொடங்க வேண்டாம். பட்டியலில் தொடங்குங்கள்.

ஒவ்வொரு அமைப்பும் பணம் ஒதுக்கிய ஆய்வுகளை ஒரே வடிவில் பகிர வேண்டும். எந்த நோயாளிகள், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பீடு, எந்த விளைவு, எத்தனை பேர், சோதனைப் பதிவேட்டு எண் (சோதனைகளைப் பொதுவில் பதியும் பதிவேடு தரும் எண்), தொடங்கிய தேதி, இப்போதைய நிலை என்று எட்டு விவரங்கள் போதும். தலைப்பை மட்டும் பகிர்ந்தால் பயனில்லை, ஒரே கேள்வி பத்துத் தலைப்புகளில் ஒளிந்திருக்கும். 'நிலை' என்ற விவரம் மிக முக்கியம்: ஆள் சேராமல் பாதியில் நின்ற ஆய்வு அங்கேதான் தெரியவரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை என்று விட்டால் இரண்டாம் ஆண்டே பட்டியல் பழசாகிவிடும்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். "இதுவரை யாரும் இதை ஆராயவில்லை" என்ற வரி ஏராளமான விண்ணப்பங்களில் இருக்கும். அதை அப்படியே ஏற்காதீர்கள். எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை இட்டுத் தேடினீர்கள், எத்தனை ஆய்வுகள் கிடைத்தன என்று தனித்தனிக் கட்டங்களில் கேளுங்கள். ஏற்கெனவே தொகுப்பாய்வு (முந்தைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு) இருந்தால், அதற்குப் பிறகும் எந்தச் சந்தேகம் மிஞ்சுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். தொகுப்பாய்வே இல்லையென்றால் முதலில் அதற்குச் சிறு தொகை கொடுங்கள், சோதனை பிறகு வரட்டும். தேடலைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் தேர்வுக் குழுவில் இல்லாவிட்டால், இத்தனை கட்டங்களும் வெறும் காகிதம்தான். இந்தப் படிவம் எல்லா அமைப்புகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கடுமையாகக் கேட்டு இன்னோரிடத்தில் கேட்காமல் விட்டால், விண்ணப்பம் அந்த இன்னோரிடத்துக்குப் போய்விடும்.

எதை அளப்பது என்பதையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். ஒருவர் வலியை 10 புள்ளியிலும் இன்னொருவர் நடந்த தூரத்திலும் அளந்தால், இரண்டையும் பின்னர் கூட்ட முடியாது. பல நோய்களுக்குக் குறைந்தபட்ச விளைவுத் தொகுப்புகள், அதாவது எல்லாச் சோதனைகளும் அளக்க வேண்டிய விளைவுகளின் பட்டியல்கள், ஏற்கெனவே உள்ளன, அவை அவற்றைத் திரட்டும் காமெட் தரவுத்தளத்தில் கிடைக்கும்.

முடிவுகளை வெளியிடும் கட்டத்திலும் பணம் கசியும்: முடிவு வெளிவராத சோதனைக்குக் கொடுத்த பணம் வீண். 2017 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தோடு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் உள்ளிட்ட அமைப்புகள் ஒப்புக்கொண்ட கூட்டறிக்கையில் கெடு தெளிவாக இருக்கிறது: சோதனை முடிந்த 12 மாதத்துக்குள் முடிவுச் சுருக்கம் பதிவேட்டில் ஏற வேண்டும், 24 மாதத்துக்குள் கட்டுரை வர வேண்டும். இதை நடக்க வைப்பது தவணைதான். முதல் தவணைக்குப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். பதிவுத் தேதி முதல் நோயாளி சேர்ந்த தேதிக்கு முந்தையதா என்றும் பாருங்கள், பிந்தியதென்றால் விளைவுகளை மாற்றி எழுத வழி திறந்துவிடும். கடைசித் தவணையைச் சுருக்கம் ஏறிய பிறகே விடுங்கள். பிடித்து வைக்கும் தொகை மிகப் பெரிதாக இருந்தால் ஆய்வு ஊழியர்களின் சம்பளம் நின்று, எழுத வேண்டியவரே வேலையை விட்டுப் போய்விடுவார். வெறும் அடையாளத் தொகையாக இருந்தாலோ யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சம்பளத்தைத் தொடாமல், நிர்வாகச் செலவுக்காக நிறுவனத்துக்குப் போகும் மேல்செலவுப் பங்கில் பிடிப்பது நல்லது. கெடு தவறியவர் அடுத்த விண்ணப்பம் போடும்போது, அவர் எந்த அமைப்பிடம் போனாலும், பொதுப் பட்டியல் அதைக் காட்ட வேண்டும்.

கூட்டாக நிதி அறிவிக்கும்போது பணத்தை ஒரே பையில் போடுவதா, அவரவர் நாட்டு ஆய்வாளருக்கு அவரவர் கொடுப்பதா என்ற கேள்வி வரும். இரண்டாவது வழி சட்டச் சிக்கல் குறைந்தது. ஆனால் ஒரு நாட்டின் பங்கு தீர்ந்துவிட்டால், தரவரிசையில் மேலே இருக்கும் திட்டத்தைத் தாண்டிக் கீழே உள்ளதைத் தேர்வு செய்ய நேரும். அந்த இடைவெளியை நிரப்பச் சிறிய பொது இருப்பு ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பல சிறு சோதனைகளுக்குப் பணத்தைப் பிரிப்பதைவிட ஒன்றைப் பெரிதாக நடத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். 2020 மார்ச்சில் பிரிட்டனின் இரு பொது நிதி அமைப்புகள் சேர்ந்து தாங்கிய ரெகவரி என்ற கோவிட் சிகிச்சைச் சோதனை, நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் ஒரே நெறிமுறையில் ஓடியது. வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டது. விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் பழைய மருந்து அது.