கேம்பஸ் பிளேஸ்மென்ட்: தெரிந்த கேள்வியில்தான் தோற்கிறோம்

ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மாக் இன்டர்வியூ, அதாவது பயிற்சிக்கான மாதிரி நேர்காணல், எடுக்கப் போயிருந்தேன். ஒரு பையனின் ரெஸ்யூமேயில், முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் ப்ராஜெக்ட் ஒன்று இருந்தது. “ஒரு ஆளுக்கு எத்தனை போட்டோ எடுத்தீங்க?” என்றேன். யோசித்தான். “போட்டோவை மொபைல்ல காட்டினா அட்டெண்டன்ஸ் விழுமா?” சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “சார், டீம்ல நாலு பேர். அந்த பார்ட்டை இன்னொருத்தன் செஞ்சான்” என்றான். “சரி, நீங்க என்ன செஞ்சீங்க?” “டாக்குமென்டேஷன் சார்.”

மக்குப் பையன் கிடையாது. நெட்வொர்க்கில் டேட்டா அனுப்பும் இரண்டு முறைகளான டிசிபிக்கும் யூடிபிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதும் கடகடவென்று சொன்னான். பாடத்திலிருந்து வரும் கேள்விகளுக்கெல்லாம் படித்தவன், தானே எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை. பிளேஸ்மென்டில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். இன்டர்வியூ எடுப்பவரிடம் உங்களைப் பற்றி இருக்கிற ஒரே தகவல் அந்தக் காகிதம். அவர் அதிலிருந்துதான் தொடங்குவார். பைதான், ஜாவா, சி++, மெஷின் லேர்னிங், கிளவுட் என்று வரிசையாக அடுக்கினால் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு கேள்வி. பத்து நிமிடம் தாங்குகிற இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். ப்ராஜெக்ட் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று சொல்ல முடிந்தால் போதும்.

அடுத்தது கோடிங். யூடியூபில் ஒருவர் போடுவதைப் பார்க்கும்போது எல்லாமே புரியும். புரிந்ததால் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு வரிசையில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க ப்ரோக்ராம் எழுதிப் பாருங்கள். பத்தில் ஏழு பேர் வரிசைப்படுத்தி, கடைசிக்கு முந்தையதை எடுத்துவிடுவார்கள். எண்கள் 9, 9, 4 என்றால்? அந்த முறையில் 9 என்று வரும். விடை 9-ஆ, 4-ஆ? கேள்வியிலேயே தெளிவில்லை. அதைத் திருப்பிக் கேட்கிறீர்களா என்றுதான் எதிரே இருப்பவர் பார்க்கிறார். ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் என்ன ஆகும், வரிசைப்படுத்தாமலே ஒரே சுற்றில் முடியுமா என்று அடுத்தடுத்து வரும். விடையை மனப்பாடம் செய்தவர் இங்கே நின்றுவிடுவார். ஸோஹோ மாதிரி நிறுவனங்களில் பிந்தைய சுற்றுகளில் டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் முன்பதிவு போல ஒரு குட்டி அப்ளிகேஷனையே எழுதச் சொல்வார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இருநூறு கேள்விகளுக்கு விடை பார்த்தவரைவிட, இருபதைத் தானே முட்டி மோதிப் போட்டவர் அந்த அறையில் தாக்குப் பிடிக்கிறார்.

ஆப்டிட்யூட் என்ற கணக்குத் திறன் தேர்வை ‘ஸ்கூல் கணக்குதானே’ என்று கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள் நிறைய. கணக்கு பள்ளிக்கூடத்தில் போட்டதுதான், நேரம்தான் வேறு. ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிப்பார்கள், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பின்னத்தில் போட்டால் ஒரு நிமிடம் ஓடிவிடும். மொத்த வேலை 36 பங்கு என்று வைத்தால் ஒருவர் நாளைக்கு 3, மற்றவர் 2, சேர்ந்தால் 5. முப்பத்தாறை ஐந்தால் வகுத்தால் 7.2 நாள், அவ்வளவுதான். இந்தக் குறுக்கு வழி கைக்கு வர, கடிகாரத்தை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் போட வேண்டும். டிசிஎஸ் ஆள் எடுக்க நடத்தும் என்கியூடி தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று வேலையும் சம்பளமும் பிரிகின்றன. ‘பாஸ் ஆனால் போதும்’ என்று எழுதப் போவது கையிலிருக்கும் காசை விடுவதுதான்.

பல கல்லூரிகளில் ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே கம்பெனிகள் வர ஆரம்பித்துவிடும். எனவே ‘ஃபைனல் இயர் வரட்டும்’ என்பது ஆறாம் செமஸ்டரிலேயே காலாவதியான பேச்சு. அரியரும் அப்படித்தான். பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது டிப்ளமோ, இன்ஜினீயரிங் எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன, நிலுவையில் அரியர் இருந்தால் உட்காரவே விடாதவையும் உண்டு. அதற்காக ஃபார்மில் 58-ஐ 60 ஆக்கிவிடாதீர்கள். சேர்ந்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும், அதில் மாட்டினால் வேலையே போகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நம் ஊருக்கே உரிய சிக்கல் இது: ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பான் கார்டில் வேறு ஒரு மாதிரி. ஆஃபர் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கும் வீட்டுக்கும் அலைவதைவிட, இப்போதே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கல், சிவில், இஇஇ (எலெக்ட்ரிக்கல்) மாணவர்கள் செய்வது வேறு ரகத் தவறு. ஐடி கம்பெனிதான் கிடைக்கும் என்று முடிவு கட்டி, சொந்தப் பாடத்தை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு கோர் கம்பெனி, அதாவது அவர்கள் பாடத்துறையிலேயே வேலை தரும் கம்பெனி, வந்து ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் வளைகோட்டை வரையச் சொன்னால் பேனா நகராது. ஐடி கம்பெனியிலும்கூட ‘உங்க டிபார்ட்மென்ட்ல பிடிச்ச பாடம் எது?’ என்று கேட்பார்கள். ஒரே ஒரு பாடத்தையாவது ஆழமாக வைத்திருங்கள்.

ஆங்கிலம் பற்றி ஊரே பயமுறுத்துகிறது, அதனால் சுருக்கமாக விடுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தோற்பது பெரும்பாலும் இலக்கணத்தால் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்த செல்ஃப் இன்ட்ரோவை ஒப்பிக்கும்போது நடுவில் ஒரு வார்த்தை மறந்து, மொத்தமும் கலைந்துவிடுவதால்தான். மனப்பாடம் செய்யாமல், உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி மூன்று நிமிடம் பேசி மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கச் சகிக்காது. ஐந்தாவது தடவை பரவாயில்லை என்று உங்களுக்கே தோன்றும்.

சரி, ஆஃபர் வந்துவிட்டது. 6 லட்சம் என்றதும் வீட்டில் ‘மாசம் அம்பதாயிரம்’ என்று சொல்லிவிடுகிறோம். அந்த 6 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக ஒரு வருடத்தில் செலவழிக்கும் மொத்தத் தொகை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, அதில் முதல் வருடம் மட்டும் தரும் ஜாயினிங் போனஸ் 50,000, வருடக் கடைசியில் வந்தாலும் வரும் வேரியபிள் பே 60,000, கம்பெனி கட்டும் பிஎஃப் 21,600, கிராஜுவிட்டியும் இன்ஷூரன்ஸும் 18,400 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,50,000. மாதம் 37,500. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போனால் 35,700, அதிலும் தொழில் வரி கொஞ்சம் போகும். எனவே இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது சிடிசியைப் பார்க்காதீர்கள், மாதாமாதம் வரும் தொகையைப் பாருங்கள். ஒரு வேலை கிடைத்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கு உட்கார முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. எந்தச் சம்பளத்துக்கு மேல் அது தளரும் என்பதைப் பிளேஸ்மென்ட் செல்லில் முதல் கம்பெனிக்குப் பேர் கொடுக்கும் முன்பே கேளுங்கள், கிடைத்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஆஃபர் லெட்டரில் பாண்ட் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்களா என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுவது வேறு, கொடுத்துவிட்டு வருவது வேறு. ட்ரெயினிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் என்று உங்களிடமே பணம் கேட்டு மெயில் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள். அந்தப் பெயரில் அப்படி ஒரு ஆஃபர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் காட்டிக் கேட்டால், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.