டொரொண்டோ குளிரில் கார் முன்கண்ணாடி: உடையாமல், மங்காமல் வைத்திருக்க

டொரொண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வெளியில் கார் நிறுத்துபவருக்கு நவம்பர் தொடங்கி மார்ச் முடியும் வரை காலையில் முதல் வேலை முன்கண்ணாடிதான். குளிர் மட்டும் அதை உடைத்துவிடுவது அரிது. உறைந்த கண்ணாடியை அவசரப்பட்டுச் சூடாக்கும்போதுதான் விரிசல் ஓடுகிறது.

முன்கண்ணாடி என்பது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடித் தகடுகள். மைனஸ் 15 டிகிரியில் இரவு முழுக்க நின்ற காரின் மேல் கெண்டியில் கொதித்த நீரை ஊற்றினால் வெளித்தகடு சட்டென்று விரியும், உள்தகடு சுருங்கியபடியே இருக்கும். எப்போதோ கல் பட்டு ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அங்கிருந்து கோடு கிளம்பிவிடும். வெதுவெதுப்பான நீரும் வேண்டாம். அது வைப்பர் அடியில் வழிந்து, நீங்கள் கதவைத் திறப்பதற்குள் மறுபடி உறைந்துவிடும்.

காலையில் முதலில் புகைக்குழாயைப் பாருங்கள். ஸ்னோ அடைத்திருந்தால் தோண்டி எடுத்த பிறகே எஞ்சினைப் போடுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். கராஜுக்குள் நிறுத்தி எஞ்சினை ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. பிறகு ஹீட்டர் காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெப்ப அளவை நடுத்தரமாக வையுங்கள். பெட்ரோல் காரில் எஞ்சின் சூடேறச் சூடேறத்தான் காற்றும் சூடாகும். மின்சாரக் காரில் ஹீட்டர் சீக்கிரமே சூடாகிவிடுவதால் அங்கே குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது.

கண்ணாடி சூடாகும் நேரத்தில் கூரை, பானெட், விளக்குகள் எல்லாவற்றையும் பிரஷால் தள்ளுங்கள். கூரையில் விட்டுவைத்த ஸ்னோ, முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும். கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் சல்லடை போல ஒரு பகுதி இருக்கும். காருக்குள் போகும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. பலர் அங்கே படிந்த ஸ்னோவைத் தள்ள மறந்துவிட்டு, உள்ளே ஏன் மங்குகிறது என்று தவிப்பார்கள்.

ஐஸைச் சுரண்டப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். இரும்புத் தகடோ கத்தியோ போட்ட கீறல், இரவில் எதிரே வரும் விளக்கில் பளிச்சென்று தெரியும். ஃப்ரீசிங் ரெயின் (விழுந்ததும் உறையும் மழை) பெய்து தடித்த ஐஸ் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ரப்பிங் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் அடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் ஐஸ் இளகும். கடுங்குளிரில் தண்ணீர் சேர்க்காமலே அடிக்கலாம். அது தீப்பற்றும் பொருள், சிகரெட் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வைப்பர் கண்ணாடியோடு ஒட்டி உறைந்திருக்கும்போது சுவிட்சைப் போட்டால் ஃப்யூஸ் போகும், அல்லது வைப்பர் கை மாட்டியிருக்கும் பல் தேய்ந்துவிடும். இரவு எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே வைப்பரை நிறுத்திவிடுங்கள். மழையைக் கண்டு தானாக ஓடும் வகை என்றால் அதையும் அணையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துவது ஃப்ரீசிங் ரெயின் வரும் இரவுக்கு மட்டும் சரி. பலமான காற்று அடித்தால் வைப்பரின் கை, கண்ணாடி மேல் விழுந்து, அந்த அடியே சில்லைப் பெயர்க்கும்.

வாஷர் திரவத்தில் மைனஸ் 40 என்று போட்டதை வாங்குங்கள், 3.78 லிட்டர் கேனில் வரும். முக்கியமானது, கோடைத் திரவத்தைக் குளிர் வருவதற்கு முன்பே அடித்துத் தீர்த்துவிடுவது. பாதி டாங்கில் அது இருக்க மேலே குளிர்காலத் திரவம் ஊற்றினால் மைனஸ் 40 தாங்காது. தண்ணீரும் கலக்காதீர்கள். கண்ணாடி சூடாவதற்கு முன் அடித்தால் ஆல்கஹால் ஆவியாகி, மிஞ்சும் நீர் கண்ணெதிரே உறைந்துவிடும். ஹைவேயில் இது மிகவும் ஆபத்து. இந்தத் திரவத்தில் பெரும்பாலும் மெத்தனால் இருக்கும், குடித்தால் கொடிய விஷம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், அதன் சொந்தக் கேனிலேயே வையுங்கள்.

உள்ளே மங்குவதற்குக் காரணம் ஈரம்: மூச்சு, பூட்ஸில் ஒட்டி வரும் ஸ்னோ, நனைந்த விரிப்பு. ஏ.சி.யைப் போட்டு, உள்காற்றையே சுழலவிடும் பட்டனை அணையுங்கள். குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று கேட்பவர் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அதுதான் பிழிந்தெடுக்கிறது. உறைநிலைக்குக் கீழே பல கார்களில் அது ஓடாது, ஆனால் அப்போது வெளிக்காற்றே வறண்டிருக்கும். ரப்பர் விரிப்பில் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டுங்கள். உள்பக்கத்தை மாதம் ஒருமுறை அமோனியா இல்லாத கிளீனர், இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொண்டு துடையுங்கள், ஒன்று ஈரமாக, மற்றது உலர்வாக. கையால் துடைத்தால் எண்ணெய்ப் படிவு சேர்ந்து இன்னும் மங்கும். எவ்வளவு துடைத்தும் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு மங்கினால் ஹீட்டரில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஹைவே 401இல் உப்பு கொட்டும் லாரியின் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள். கல் தெறித்துச் சில்லு பெயர்ந்தால் அன்றைக்கே, ஈரம் இல்லாத நேரத்தில், அதன் மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள். உள்ளே இறங்கும் நீர் உறைந்து விரியும்போது அதுவே ஆப்பு அடித்தது போல் பிளக்கும். 25 சென்ட் நாணயத்தைவிடச் சிறியது என்றால் கடையில் பெரும்பாலும் ரெசின் (ஒருவகைப் பிசின்) ஏற்றிச் சரிசெய்துவிடுவார்கள். ஓரத்தில் பட்டது சீக்கிரம் ஓடும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணாடியையே மாற்ற வேண்டிவந்தால், அந்தக் குளிரில் பசை பிடிக்க எத்தனை மணி நேரம் ஆகும், எப்போது ஓட்டலாம் என்று வேலை செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலைச் சிறிதளவு திறந்து வைத்து, கதவை ஓங்கிச் சாத்தாமல் இருங்கள். காற்றழுத்தம் பசையைத் தள்ளும். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால் அதை மறுபடி அளவுபடுத்துவதும் அந்த விலையில் சேர்ந்ததா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.